‘எனக்கு நடிக்கத் தெரியாதே’: உளநாடகக் குழு சிகிச்சையில் நோயாளிகள் எதிர்பார்ப்பது என்ன, சந்திப்பது என்ன?

மனநல சிகிச்சை பெறும் ஒருவரிடம், "அடுத்த வாரம் முதல் ஒரு குழுவில் அமர்ந்து, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நடித்துப் பார்க்கப் போகிறீர்கள்" என்று கூறினால், பெரும்பாலும் முதலில் வரும் பதில், "எனக்கு நடிக்கத் தெரியாதே" என்பதாகத்தான் இருக்கும். அதைத் தொடர்ந்து வரும் கேள்வி, "எல்லோர் முன்னிலையிலுமா?" என்பது.

சைக்கோடிராமா எனப்படும் உளநாடகக் குழு சிகிச்சைக்கு வருவோர் பலர் இந்த இரு தயக்கங்களுடனேயே வருகின்றனர். ஆனால், சிகிச்சையின் முடிவில் அவர்கள் விவரிக்கும் அனுபவம் நடிப்பைப் பற்றியதாக இருப்பதில்லை. தம்மைப் போலவே தவிக்கும் பிறரைக் கண்டது, தமக்குத் துன்பம் தந்தவரின் இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்தது, சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடித்தது ஆகியவற்றையே அவர்கள் குறிப்பிடுகின்றனர்.

எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான இந்தத் தொலைவை, முதல் அமர்வுக்கு முன்பே நோயாளியிடம் விளக்கிச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. சிகிச்சையின் பலனும் நோயாளியின் பாதுகாப்பும் அதைச் சார்ந்தே உள்ளன. இந்தியச் சட்டமும் அதையே கோருகிறது.

இந்தியாவில் இது ஏன் முக்கியம்?

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது அதில் தெரியவந்தது. பாதிக்கப்பட்டும் சிகிச்சை பெறாதோரின் அளவு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற அளவிலேயே மருத்துவர்கள் உள்ளனர்.

இத்தகைய சூழலில், பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு அல்லது பத்துப் பேருக்குச் சிகிச்சை அளிக்கக்கூடிய குழு முறைகள் இயல்பாகவே கவனம் பெறுகின்றன. மதுப்பழக்க மீட்பு மையங்களிலும் மனநலப் பிரிவுகளிலும் குழுவாக அமர்ந்து பேசுவது புதிதன்று. உளநாடகம் அதிலிருந்து ஓர் அடி மேலே செல்கிறது. இங்கு பிரச்சினையைப் பற்றிப் பேசுவதோடு நிற்பதில்லை. அது நிகழ்ந்த விதமாகவே எழுந்து நின்று செய்து பார்க்கப்படுகிறது.

ஆயினும் குழு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மருத்துவர் ஒருவரிடம் மட்டும் சொல்லப்பட்டு வந்தது, இனி பலர் அறியச் சொல்லப்படும். மனநோய் என்றாலே திருமணம், வேலை, வாடகை வீடு என அனைத்தும் பாதிக்கப்படும் என அஞ்சும் சமூகத்தில், நோயாளியின் தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வியன்னாவில் தொடங்கிய முறை

உளநாடகத்தை உருவாக்கியவர் ஜேக்கப் லெவி மொரேனோ. 1889ஆம் ஆண்டு ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் பிறந்த இவர், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் மருத்துவம் பயின்றார். 1921 ஏப்ரல் 1ஆம் தேதி, அந்நகரின் நாடக அரங்கு ஒன்றில் அரியணை போன்ற நாற்காலியை மட்டும் மேடையில் வைத்து, பார்வையாளர்களையே மேலேறி வந்து தலைமை ஏற்றுப் பேசுமாறு அழைத்தார். எழுதப்பட்ட வசனமோ தேர்ந்தெடுக்கப்பட்ட நடிகர்களோ அங்கு இல்லை. அந்த இரவையே உளநாடகத்தின் தொடக்கமாகக் கருதுகின்றனர்.

பின்னர் அவர் நடத்திய உடனடி நாடகக் குழுவில், மென்மையான வேடங்களையே ஏற்று வந்த நடிகை ஒருவர் இருந்தார். வீட்டில் அவர் கடுங்கோபத்துடன் நடந்துகொள்வதாகக் கணவர் மொரேனோவிடம் கூறினார். அதன்பின் மொரேனோ அந்த நடிகைக்குக் கரடுமுரடான வேடங்களை அளித்தார். மேடையில் கோபத்துக்கு இடம் கிடைத்தபின் வீட்டில் அது தணிந்ததாக மொரேனோ பதிவு செய்துள்ளார். நாடகம் பார்ப்பவரை மட்டுமன்றி, அதில் பங்கேற்பவரையும் மாற்றக்கூடும் என்ற அவரது எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது.

1925இல் அமெரிக்காவில் குடியேறிய மொரேனோ, குழு உளசிகிச்சை என்ற சொல்லை 1932இல் மருத்துவ உலகில் முன்வைத்தார். 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் தனி அரங்குடன் கூடிய மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். 1974இல் அவர் மறைந்த பின்பும், அவருடைய மனைவி செர்கா மொரேனோ பல பத்தாண்டுகள் உலகெங்கும் பயிற்சி அளித்து இம்முறையை வளர்த்தார்.

ஓர் அமர்வில் நடப்பது என்ன?

உளநாடக அமர்வுக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. நிகழ்வு நடைபெறும் அரங்கு, தம் வாழ்க்கையை முன்வைக்கும் மையப் பங்கேற்பாளர், அமர்வை வழிநடத்தும் நெறியாளர், பிற பாத்திரங்களை ஏற்கும் துணைப் பங்கேற்பாளர்கள், அமர்ந்து பார்க்கும் குழு ஆகியவையே அவை. அரங்கு என்றதும் திரையும் விளக்கும் தேவை என்பதில்லை. ஓர் அறையின் நடுவே ஒதுக்கப்பட்ட வெற்றிடமும் இரண்டு நாற்காலிகளும் போதும்.

அமர்வு மூன்று கட்டங்களாக நடைபெறும். முதலில் ஆயத்தக் கட்டம். எளிய பயிற்சிகள் மூலம் குழுவினர் ஒருவருக்கொருவர் பழகுவர். அன்றைக்கு யாருடைய பிரச்சினையை எடுத்துக்கொள்வது என்பதும் இதில் முடிவாகும். இரண்டாவது செயல் கட்டம். மூன்றாவது பகிர்வுக் கட்டம். இதில் குழுவினர், தாம் பார்த்தது தம் சொந்த வாழ்க்கையில் எதை நினைவூட்டியது என்பதை மட்டுமே கூறுவர். விமர்சனம், விளக்கம், அறிவுரை மூன்றுக்கும் இங்கு இடமில்லை.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனைப் புரிந்துகொள்ளலாம். மதுப்பழக்கத்திலிருந்து மீள முயலும் நாற்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவர் மையப் பங்கேற்பாளராக முன்வருகிறார் என்று கொள்வோம். தந்தை இறந்தபோது அவர் சரக்குடன் வேறொரு மாநிலத்தில் இருந்தார். இறுதிச் சடங்குக்கு வந்து சேர முடியவில்லை. அன்று முதல் குடி அதிகரித்தது.

குழுவிலிருந்து ஒருவரை அவர் தந்தையாகத் தேர்ந்தெடுத்து எதிர் நாற்காலியில் அமர வைக்கிறார். "அப்பா, என்னால் வர முடியவில்லை" என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் நிற்கிறார். நெறியாளரின் குறிப்பின்படி இன்னொரு குழு உறுப்பினர் அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் மனத்தில் இருக்கக்கூடியதை மெல்லச் சொல்கிறார். "வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்." அது சரியா என்று நெறியாளர் கேட்கிறார். சரி என்றால் அவர் தம் சொற்களில் அதைத் தொடர்வார், இல்லையென்றால் திருத்துவார். இரட்டைக் குரல் எனப்படும் உத்தி இதுவே.

அடுத்து இருவரும் இடம் மாறுகின்றனர். ஓட்டுநர் தந்தையின் நாற்காலியில் அமர்கிறார். அவர் சற்று முன் சொன்ன அதே சொற்களை, இப்போது மகனாக நிற்கும் மற்றவர் அவரிடம் சொல்கிறார். தந்தையின் இடத்திலிருந்து அவர் தரும் பதில், குற்றச்சாட்டாக இல்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் தந்தை முதலில் கேட்ட கேள்வி அது. ஆண்டுக்கணக்கில் தம்மைத் தண்டித்து வந்த மகனுக்கு, தந்தையின் குரல் வேறாகவும் இருந்திருக்கும் என்பதை அந்த இடமாற்றம் உணர்த்துகிறது.

நடந்தது மாறவில்லை. தந்தை திரும்பி வரவும் இல்லை. ஆனால் முற்றுப்பெறாத ஓர் உரையாடல், ஓர் அறைக்குள், சாட்சிகள் முன்னிலையில் நிறைவு பெறுகிறது.

நோயாளிகளின் எதிர்பார்ப்புகள்

முதல் எதிர்பார்ப்பு, நடிப்புத் திறன் வேண்டும் என்பது. உண்மையில் திறமையான நடிப்பு இங்கு தடையாகவே அமையக்கூடும். பிறரைக் கவரும்படி செய்வதன்று, தமக்கு உண்மையாகச் செய்வதே நோக்கம்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உள்ளது. மனச்சோர்வாலோ பதற்றத்தாலோ அவதிப்படுவோர் வீட்டில் அடிக்கடி கேட்கும் வசை, "நாடகம் ஆடாதே" என்பது. இந்தி பேசும் வீடுகளிலும் இதே வசை உண்டு. தம் வலியைப் பொய் எனக் கூறப் பயன்பட்ட அதே சொல்லை, மருத்துவமனையும் பயன்படுத்தும்போது நோயாளி புண்படக்கூடும். எனவே, இந்தச் சொல் இங்கு என்ன பொருளில் வருகிறது என்பதை முதலிலேயே விளக்குவது அவசியமாகிறது.

இரண்டாவது எதிர்பார்ப்பு, அறிவுரை. மருத்துவர் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம் என்ற பழக்கத்துடன் வருவோருக்கு, யாரும் தீர்வு சொல்லாத பகிர்வுக் கட்டம் தொடக்கத்தில் ஏமாற்றமாகத் தோன்றலாம். அறிவுரையைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. மனத்தைத் திறந்து காட்டியவர் முன் தீர்ப்பு வழங்கப்பட்டால், அவர் மீண்டும் மூடிக்கொள்வார். அடுத்து முன்வர இருந்தவரும் பின்வாங்குவார்.

மூன்றாவது, "ஒருமுறை வாய்விட்டு அழுதால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. உணர்ச்சி வெளிப்பாடு உளநாடகத்தின் ஒரு பகுதி. ஆனால் அதுவே இலக்கன்று. வெளிப்பட்ட உணர்ச்சியைப் புரிந்துகொண்டு, வாழ்க்கையில் அதற்குரிய இடத்தில் பொருத்திக்கொள்வதே முக்கியம் என மொரேனோ கருதினார். வெளிப்பாட்டோடு நிறுத்தப்படும் அமர்வு, காயத்தைத் திறந்துவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்புவதைப் போன்றது.

நான்காவது எதிர்பார்ப்பு, வற்புறுத்தப்படுவோம் என்ற அச்சம். முறையாக நடத்தப்படும் குழுவில் எந்தக் கட்டத்திலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். பாத்திரம் ஏற்க மறுக்கலாம். அமர்ந்து பார்ப்பது மட்டுமே போதும் என்றும் இருக்கலாம்.

அவர்கள் விவரிக்கும் அனுபவம்

பல நாடுகளில் நோயாளிகளை நேர்காணல் செய்து நடத்தப்பட்ட ஆய்வுகளில் சில அனுபவங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன.

அவற்றில் முதன்மையானது, தாம் தனியாக இல்லை என்ற உணர்வு. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு சிகிச்சையில் குணமளிக்கும் 11 காரணிகளைப் பட்டியலிட்டார். பிறருக்கும் இதே துன்பம் உண்டு என்று அறிவதும், குழுவின் ஒட்டுறவும் அவற்றில் அடங்கும். தம் வெட்கத்துக்குரிய ரகசியம் எனக் கருதி மறைத்ததை, எதிரே அமர்ந்திருப்பவரும் மறைத்து வைத்திருந்தார் என அறியும் தருணம், தனி ஆலோசனையில் கிடைக்காதது.

இரண்டாவது, இடமாற்றம் தரும் தெளிவு. மாமியாரின் இடத்தில் மருமகளும், மகனின் இடத்தில் தந்தையும் நிற்கும்போது, நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி பின்னுக்குச் சென்று, மற்றவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது எனப் பழக்கப்பட்டவர்களுக்கு, நேரில் ஒருபோதும் சொல்ல முடியாததைச் சொல்லிப் பார்க்கும் இடமாகவும் அரங்கு அமைகிறது.

மூன்றாவது, எதிர்பாராத ஒன்று. மையப் பங்கேற்பாளராக இல்லாத நாள்களிலும் பலன் கிடைத்ததாகப் பலர் கூறுகின்றனர். வேறொருவரின் தாயாக நடித்தவர் தம் தாயைப் புரிந்துகொள்கிறார். மூலையில் அமர்ந்து பார்த்தவர், தம் கதையே எதிரில் நடப்பதாக உணர்கிறார். பிறருக்கு உதவ முடிந்தது என்ற எண்ணம், நோயாளி என்ற அடையாளத்துக்குள் சுருங்கிப் போனவருக்கு மதிப்பை மீட்டுத் தருகிறது.

மொழிக்கும் இதில் பங்குண்டு. தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களில் குழு இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறலாம். ஆனால் போஜ்புரியிலோ மலையாளத்திலோ தம்மைத் திட்டிய தந்தைக்கு, அந்த மொழியில் பதில் சொன்னால்தான் சொன்னதாக இருக்கும். நல்ல நெறியாளர் அரங்கில் தாய்மொழிக்கு இடமளிப்பார். குழுவினருக்குச் சொற்கள் விளங்காவிட்டாலும், நடப்பது விளங்கும்.

கடினமான பக்கம்

இந்த அனுபவங்கள் எல்லாம் இனியவை அல்ல. அமர்வுக்குப் பின் கடும் சோர்வு, உறக்கம் குலைதல், பழைய நினைவுகள் கிளர்ந்தெழுதல் ஆகியவை ஏற்படலாம். குடும்ப வன்முறையைச் சந்தித்த ஒருவரிடம் வன்முறையாளரின் பாத்திரம் ஒப்படைக்கப்பட்டால், அது அவரையே பாதிக்கக்கூடும். இதனால்தான் செயல் கட்டம் முடிந்ததும், "நான் உங்கள் தந்தை அல்ல, நான் இன்னார்" என்று தம் பெயரைச் சொல்லிப் பாத்திரத்திலிருந்து வெளியேறும் நடைமுறை பின்பற்றப்படுகிறது. அதைத் தவிர்ப்பது சிறு குறையன்று.

வாரக்கணக்கில் காத்திருந்தும் தம் பிரச்சினை எடுத்துக்கொள்ளப்படவில்லை என்ற ஏமாற்றமும் சிலருக்கு உண்டு. குடும்பத்திலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது பழைய காயத்தைப் புதுப்பிக்கும்.

இவற்றைவிடக் கவனத்துக்குரிய ஒன்று உண்டு. அரங்கில் மாமியாரோ கணவரோ மனம் மாறுகின்றனர், வீட்டில் மாறுவதில்லை. அரங்கில் பேசிய துணிச்சலுடன் வன்முறை நிறைந்த வீட்டில் அன்றிரவே பேசத் துணிவது ஆபத்தில் முடியலாம். அரங்கில் செய்து பார்த்தது வீட்டுக்கான ஒத்திகை அன்று என்பதை நோயாளி தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

தீவிர மனச்சிதைவு அல்லது மிகை எழுச்சி நிலையில் இருப்போர், உடனடித் தற்கொலை ஆபத்தில் இருப்போர், போதையின் பிடியில் இருப்போர் ஆகியோருக்கு முதலில் நிலையைச் சீராக்கும் சிகிச்சையே தேவை. மருந்து உட்கொண்டு வருவோர், குழுவில் சேர்ந்ததால் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

ஆய்வுகள் கூறுவது

உளநாடக உத்திகள் குறித்த 25 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான பகுப்பாய்வு, இதன் பலன் பொதுவான குழு சிகிச்சைக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருப்பதாகக் கண்டறிந்தது. உத்திகளில் இடமாற்றமும் இரட்டைக் குரலும் கூடுதல் பலன் தருவதாகவும் அது கூறியது. 31 ஆய்வுகளைப் பரிசீலித்து 2019இல் வெளியான மற்றொரு மதிப்பாய்வு, முடிவுகள் நம்பிக்கை அளிப்பதாகக் குறிப்பிட்ட அதே வேளையில், மேலும் தரமான ஆய்வுகள் தேவை என்றும் வலியுறுத்தியது. ஆகவே இதனை அற்புத மருத்துவமாகவோ வெறும் பொழுதுபோக்காகவோ கருத இடமில்லை.

முன்விளக்கம் குறித்து இதைவிடத் தெளிவான கருத்தொற்றுமை உள்ளது. அமெரிக்கக் குழு உளசிகிச்சைச் சங்கத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், குழுவில் சேரும் முன் நோயாளியைத் தனியே சந்தித்து ஆயத்தப்படுத்த வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன. என்ன நடக்கும் என்பதை அறிந்து வருவோர், பாதியில் விலகிச் செல்வது குறைகிறது.

சட்டம் தரும் உரிமைகள்

2018 மே 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளிக்குச் சாதகமான பல உரிமைகளை வழங்குகிறது. எந்தச் சிகிச்சைக்கும் பெறப்படும் ஒப்புதல், அதன் பலன்கள், ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்பே பெறப்பட வேண்டும். கட்டாயத்தாலோ தவறான தகவலாலோ பெறப்படுவது ஒப்புதல் ஆகாது.

சட்டத்தின் 23ஆவது பிரிவு, நோயாளியின் மனநலம், சிகிச்சை குறித்த தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. சிகிச்சை அளிப்போர் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் குழுவில் உடன் அமர்ந்திருக்கும் பிற நோயாளிகளைப் பொறுத்தவரை, ரகசியம் பெரிதும் வாக்குறுதியின் பலத்திலேயே நிற்கிறது. ஒரே அலுவலகத்தினரோ ஒரே ஊரினரோ ஒரே குழுவில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வதும், கைப்பேசிகளை வெளியே வைப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன.

மற்றொரு குறைபாடும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல நிபுணர் யார் என்பதற்கு வரையறை உள்ளது. மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற தகுதி தேவை. ஆனால் உளநாடக நெறியாளர் என்று தனியொரு பிரிவு அச்சட்டத்தில் இல்லை. வார இறுதிப் பயிலரங்கு ஒன்றை நடத்துபவரும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

எனவே, இத்தகைய குழுவில் சேர விரும்புவோர் சில கேள்விகளுக்குத் தெளிவான பதில் பெறுவது நல்லது. வழிநடத்துபவர் மனநலத் துறையில் என்ன தகுதி பெற்றவர்? உளநாடகத்தில் எவ்வளவு காலம், யாருடைய மேற்பார்வையில் பயின்றார்? முதல் அமர்வுக்கு முன் தனிச் சந்திப்பு உண்டா? எப்போது வேண்டுமானாலும் மறுக்கவோ வெளியேறவோ முடியுமா? ஒளிப்பதிவு செய்யப்படுமா? அமர்வுக்குப் பின் மனம் கலங்கினால் யாரை அழைப்பது? ஏற்கெனவே சிகிச்சை அளித்து வரும் மருத்துவருக்குத் தகவல் தெரிவிக்கப்படுமா?

இவற்றைக் கேட்பது அவமதிப்பு அன்று, நோயாளியின் உரிமை. பயிற்சி பெற்ற நெறியாளர் இக்கேள்விகளை வரவேற்பார். தவிர்ப்பவரிடம் தம் வாழ்க்கையின் கடினமான நாளை ஒப்படைக்கலாமா என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம்.

மனநல ஆலோசனை தேவைப்படுவோர் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில், எந்நேரமும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தொடர்புகொள்ளலாம்.